பெனருக்குப் பின்னால் சூடான மோட்டார்

யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் மலையில் மடுவம் என்று நாங்கள் சொல்லும் மரவேலைக் கொட்டகை ஒன்றைத் தனி ஆளாக எழுப்பியவன் நான். அதன் கூரைத் தகரம் பாழடைந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து என் தோளில் ஏறி வந்தது. ரப்பர் மரம் அடுப்புக்குத் தவிர வேறெதற்கும் ஆகாது என்று சொன்ன ஊரில், அதே மரத்தில் கட்டிலும் அலுமாரியும் செய்து அவிசாவளை வரைக்கும் அனுப்பினேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குப் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் என் கையால் ஆனவை. மாரியம்மன் கோயில் தேருக்குச் சில்லு செய்ய வெளியூர் ஆளைக் கூப்பிடப் போனார்கள். நான் செய்து, உருட்டியும் காட்டினேன். வட்டரம்ப மேசையும் கடைசல் மெசினும் பழைய இரும்பிலிருந்து நானே கூட்டியவை. கடைசியாக, மரத்தூளை இழுத்து வெளியே தள்ளும் மெசின் ஒன்றையும் செய்தேன்.

மற்ற எதையும் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தூசி மெசினைத்தான் சொல்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்கிறார்கள். இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தால், அது எரிந்துபோன குப்பை என்கிறார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே இப்படிப் பேசுகிறவர்கள் நான் போன பிறகு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததைச் சொல்லி எழுத வைக்கிறேன்.

ரப்பர் மரத்தூளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். பலாவையும் தேக்கையும் அறுத்தால் தூள் கீழே விழும். காய்ந்த ரப்பர் பலகையைத் தேய்த்தால் வருகிற தூள் கோதுமை மாவு மாதிரி. அது விழாது, அப்படியே நிற்கும். கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கும்போது அது மிதப்பதைப் பார்க்கலாம். வேர்வையோடு சேர்ந்தால் பசை. மூக்குக்குள் போனால் நாளெல்லாம் தும்மல். எங்கள் மடுவத்தில் தேய்ப்பு வேலை செய்தவள் என் மனைவி. ரப்பர் பால்வெட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, வெலிகொல என்று நாங்கள் சொல்லும் மணல் தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு, கட்டில் கால்களையெல்லாம் கன்னம் மாதிரி வழவழப்பாக்குவாள். சில வருடங்களில் அவளுக்கு இழுப்பு வந்தது. லயத்துப் படியில் நின்று நின்று ஏறினாள். தூசியில் இருக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டோடு இரு என்றேன்.

“நான் வீட்டுல இருந்தா உங்க கட்டில யாரு தேய்ப்பா? நீங்க தேய்ச்சா முள்ளுல படுத்த மாதிரி இருக்கும்.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“தேருக்குச் சில்லு செஞ்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீங்களே. இந்தத் தூசிய வெளிய அனுப்ப ஒரு வழி செய்யுங்க பாப்போம்.”

அதுதான் ஆரம்பம்.

மலைக்கு மேலே இருந்த தேயிலைத் தொழிற்சாலை, எங்கள் பேச்சில் ஸ்டோர், அப்போது மூடிக் கிடந்தது. உள்ளே இருந்த சாமான்களைப் பழைய இரும்பாக லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேயிலையைக் காய வைக்கும் அடுப்புக்குக் காற்று ஊதிய பெரிய காற்றாடி ஒன்று, நத்தை ஓடு மாதிரி வளைந்த இரும்புக் கூட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. தூக்க முடியாது என்று லொறிக்காரர்கள் அதை விட்டுவிட்டுப் போனார்கள். நான் பால்வெட்டுக்காரர்கள் சிலரைக் கூட்டி, மூங்கில் கட்டி மலையிலிருந்து இறக்கினேன். யாருடைய பொணம் அது என்று வழியில் கேட்டவர்கள் உண்டு.

பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் பெல்ட் வாங்கப் போனேன். மரவேலைக்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்னா பாஸ், தேயிலைக்கு ஊதின சாமான வச்சு தூசி உறிஞ்சப் போறீங்களாம். ஊதுறது வாய், உறிஞ்சுறது மூக்கு. ரெண்டும் ஒண்ணா?”

“ரெண்டும் ஒரே மொகத்துல தானே நானா இருக்கு.”

“சரி, சரி. மூக்கு அடைச்சா மருந்து கேட்டு எங்கிட்ட வராதீங்க,” என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை எடுத்துப் போட்டார்.

காற்றாடியின் இழுக்கும் பக்கத்தை மடுவத்துக்கு உள்ளேயும் ஊதும் பக்கத்தை வெளியேயும் திருப்பி வைத்தேன். மழைநீர் வடியும் பீலித் தகரத்தைச் சுருட்டிக் குழாய்கள் செய்தேன். ஒவ்வொரு மெசினுக்கும் குழாயில் ஒரு வாய். வேண்டாத வாயைச் சின்னப் பலகை ஒன்றைத் தள்ளி மூடிவிடலாம். வெளியே வரும் தூளைப் பிடிக்க, கொழுந்துச் சாக்குகளை என் மனைவி நீள நீளமாகத் தைத்துத் தந்தாள். மெசின் ஓடும்போது அவை வயிறு பொம்மித் தொங்கும். பார்க்க அழகில்லை, அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது, அவள் தேய்த்த தூள் அவள் கைக்குக் கீழிருந்தே ஓடிப்போய்க் குழாய்க்குள் நுழைந்தது. அவள் கையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சத்தம் காதப் பிடுங்குது,” என்றாள். அவளிடம் அதற்கு மேல் பாராட்டு வாங்கிய ஆள் கிடையாது.

காற்றாடியைச் சுற்றிய மோட்டார் விஷயத்தில் ஒரு பாடம் படித்தேன். முதலில் அதை மடுவத்துக்கு உள்ளேயே வைத்திருந்தேன். தூள் அதன் உடம்பில் படிந்து படிந்து போர்வை போர்த்தியது மாதிரி ஆனது. உள்ளே பிறக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் ஒரு நாள் சுருள் தீய்ந்து நின்றுவிட்டது. அடுத்த மோட்டாரைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனேன். மூன்று பக்கமும் திறந்த ஒரு தாழ்வாரம் இறக்கி, மலையடியில் ஓடும் ஆறான கங்கையின் பள்ளத்திலிருந்து ஏறி வரும் காற்று நேராக அதன் மேல் அடிக்கிற மாதிரி உட்கார வைத்தேன். தினமும் ஈர்க்கு விளக்குமாறால் தட்டிவிடுவேன். இழைப்பும் தேய்ப்பும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டேன். எல்லா வாயையும் ஒன்றாகத் திறந்தால் காற்றாடி சக்திக்கு மீறிக் காற்றை அள்ளும், பாரம் மோட்டார் மேல் விழும். தேத்தண்ணி நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெளியே போய் மோட்டார் மேல் உள்ளங்கையை வைப்பேன். கை பொறுத்தால் வேலை தொடரும். பொறுக்காவிட்டால் எல்லோருக்கும் இன்னொரு கோப்பை பிளேன்டி.

“பாஸ் டாக்டருக்கும் படிச்சிருக்காரு. காய்ச்சல் பாக்குறாரு,” என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

சிரித்தவர்களில் ஒருவருக்கும் இழுப்பு வரவில்லை. என் மனைவிக்கு வந்தது முழுசாகப் போகவில்லை, ஆனால் அதற்கு மேல் ஏறவும் இல்லை. இன்றைக்கும் அவள் அதே மடுவத்தில் தேய்க்கிறாள். அந்த மெசின் அப்படி வருசக்கணக்கில் ஓடியது.

என் மகளைக் கட்டியவர் வரக்காப்பொலப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர். படித்தவர். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். என் கை நடுங்கத் தொடங்கியதும் மடுவத்தை அவரிடம் விட்டேன். திறமையில்லாதவர் என்று சொல்லமாட்டேன். கொழும்பிலிருந்து மரச்சாமான் ஓடர் கொண்டு வந்தவர் அவர்தான். புது மெசின்கள் வாங்கிப் போட்டு, என் குழாய்களில் இன்னும் சில வாய்களைக் கூட்டியவரும் அவர்தான். அதற்கு என்னைக் கேட்கவில்லை. ஓடருக்கு அவசரம் என்று தேத்தண்ணி நேரத்தையும் குறைத்தார். நான் போகிற நாட்களில் பழைய மாதிரிக் கையை வைத்துப் பார்ப்பேன். சூடு ஏறியிருக்கும். சொல்வேன். “பாத்துக்கலாம் மாமா,” என்பார்.

பிறகு, வெளிநாட்டுக்கு மரச்சாமான் அனுப்பும் ஒரு கொழும்புக் கம்பனி எங்கள் மடுவத்துக்குத் தொடர்ந்து வேலை தருவதாகப் பேச்சு வந்தது. கம்பனியின் பெரிய ஐயா நேரில் வந்து பார்த்த பிறகுதான் முடிவு என்றார்கள்.

பெரிய ஆள் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தோட்டத்தை மேற்பார்க்கும் பெரிய தொரை வருவதற்கு முன்பே பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். ஒழுகுகிற லயத்தில் பாதையைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளை பூசுவார்கள். உடைந்த தண்ணீர்ப் பீலிக்கு முன்னால் வாழைக்கன்று நட்டு மறைப்பார்கள். இருமுகிற கிழடுகளைக் காம்பரா அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள். தொரை காரில் கடந்து போவார். மறைத்து மறைத்து எங்களுக்கு எதுவும் கிடைத்ததில்லை, ஆனால் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. மருமகன் எவ்வளவு படித்திருந்தாலும் அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

ஐயா வரும் நாள் காலையில் மடுவத்துக்குப் போனேன். மோட்டார் இருந்த தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பிளைவுட் அடித்திருந்தது. முன்பக்கத்தில், கூரையிலிருந்து தரை வரைக்கும், ஒரு பெரிய பிளாஸ்டிக் பதாகை, பெனர். கம்பனியின் பெயர், பெரிய ஐயாவின் படம், மூன்று மொழியிலும் நல்வரவு. என் மோட்டாரும் காற்றாடியும் சாக்குகளும் அதற்குப் பின்னால்.

“மருமகன், இது என்ன வேலை?”

“வர்றவங்க முதல்ல பாக்குறது இந்தப் பக்கம் தான் மாமா. சாக்கெல்லாம் தொங்குறதப் பாத்தா என்னா நினைப்பாங்க?”

“அதுக்குக் காத்து வேணும். மூடிட்டு ஓட்டினா சூடாகிப் போயிரும்.”

“அவரு கொஞ்ச நேரம்தான் இருப்பாரு.”

“அப்ப அவரு போற வரைக்கும் மெசினப் போடாதீங்க.”

“ஓடுறதப் பாக்கத்தானே மாமா வர்றாரு.” பிறகு குரலை இறக்கிக்கொண்டு, “வெள்ளச் சட்டை எடுத்து வச்சிருக்கு. போட்டுக்கிட்டு வந்து மரியாதையா உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம்,” என்றார்.

காம்பராவுக்குள் இருக்கச் சொல்லாமல் வரவேற்புப் பந்தலுக்குள் இருக்கச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். மகள் சட்டையை அழுத்தித் தேய்த்து வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

பெரிய ஐயா வந்தார். மேளம், மாலை, வெற்றிலைத் தட்டு. மடுவத்து வாசலில் பந்தல் போட்டு, இரண்டாம் வரிசையில் எனக்கு உட்கார ஒரு கதிரை. அந்தக் கதிரையும் நான் செய்ததுதான். மருமகன் அவரை உள்ளே அழைத்துப்போய் எல்லா மெசின்களையும் ஒன்றாக ஓடவிட்டார். அறுப்பு, இழைப்பு, தேய்ப்பு, அத்தனை வாயும் திறந்தபடி. ஐயா உள்ளங்கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தார். தூசியே இல்லை என்று அவருக்குச் சந்தோஷம். அண்ணாந்து குழாய்களைப் பார்த்தார்.

“மேக்க கவுத ஹெதுவே?” யார் செய்தது இது என்று சிங்களத்தில் கேட்டார். மெசின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டதால் வாசலில் இருந்த எனக்கும் கேட்டது. நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“ஏக்க கலின் திபுன எகக், சேர்,” என்றார் மருமகன். அது முந்தியே இருந்த ஒன்று. மலை முந்தியே இருந்தது, கங்கை முந்தியே இருந்தது, அந்த மாதிரி.

பிறகு பந்தலில் பேச்சு. படம் பிடிப்பதற்காக ஆட்கள் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மைக்கில் மருமகன் பேசப் பேச, மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. காற்றாடியின் குரல் இறங்குவதை நான் கேட்டேன். ஏற்றத்தில் பாரம் இழுக்கும் மாடு மூச்சு விடுவது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தீய்கிற வாசம் வந்தது. எழுந்தேன். மைக்குக்குப் பின்னாலிருந்து மருமகன் கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். மகள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள். உட்கார்ந்தேன். தேர்ச்சில்லு செய்தது கஷ்டமில்லை, காற்றாடியை மலையிலிருந்து இறக்கியது கஷ்டமில்லை. அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்ததுதான் கஷ்டம்.

பெனரிலிருந்த பெரிய ஐயாவின் படத்தில் முதலில் நெற்றி கறுத்தது. பிறகு காதோரத்தில் ஓட்டை விழுந்து புகை வந்தது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடியது உள்பக்கம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வெளியே வந்து பெனரைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். சாக்குகளில் நெருப்பு ஏறியிருந்தால் மடுவமே சாம்பலாகியிருக்கும். அவற்றை அறுத்துத் தூரத் தள்ளினேன். விரல்கள் கொப்பளித்துப் போயின. மோட்டார் கறுத்துக் கிடந்தது, உருகிய பெனர் அதன் மேல் ஒட்டியிருந்தது.

பெரிய ஐயா தள்ளி நின்று அதே கேள்வியை மறுபடி கேட்டார். யார் செய்தது இது?

மருமகன் என்னைக் கையால் காட்டினார். “மகே மாமா, சேர்.” என்னுடைய மாமா.

தூசி இல்லாத நேரத்தில் அது முந்தியே இருந்தது. புகை வந்த நேரத்தில் அது மாமா செய்தது. அந்த மெசினோடு சேர்த்து என்னை ஒருவர் முன்னால் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் மருமகனிடம் கேட்டேன். “மூடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க மாமா. ஆனா நல்ல மெசினா இருந்தா இந்தக் கொஞ்ச நேரத்துக்கா எரியும்?”

அடுப்படியிலிருந்து என் மனைவி பதில் சொன்னாள். “நல்ல மனுசனா இருந்தாலும் மூக்கையும் வாயையும் பொத்தினா கொஞ்ச நேரம்தான் தம்பி.” மருமகன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தீப்பிடித்ததை யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். நான் பெனரைக் கிழிக்கிற படம் பஜார் முழுக்கச் சுற்றியது. நானாவின் கடைக்குப் போனபோது அவரும் விடவில்லை. “என்னா பாஸ், தேரு இழுக்குற கையால பெனரும் இழுத்தீங்களாமே.”

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். “பெல்ட்டு குடுத்தவன் நான்தான், எத்தன வருசம் ஓடின சாமான்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்றேன். யாரு கேக்குறா? போன்ல பொகை மட்டும்தானே தெரியுது.”

கம்பனி எங்களைக் கைவிடவில்லை. வேலையும் தந்தது, புதிய தூசி மெசின் ஒன்றையும் அனுப்பியது. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் காற்றாடியைப் பழைய இரும்புக்காரனிடம் ஏற்றிவிட்டார்கள். புதியது நீல நிறம், பளபளப்பு. அதை மடுவத்துக்குள்ளேயே மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தார்கள், பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று. வெளியே காற்றில் வையுங்கள் என்றேன். நனைந்தால் கம்பனி கோபிக்கும் என்றார் மருமகன். மழை மாதம் வந்தது. ஈரத்தூள் அதன் வடிகட்டியில் அடை மாதிரி ஒட்டியது. அதுவும் சூடாகத் தொடங்கியது. ஆனால் அது சூடானால் தானாகவே நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும். அது ஆறுகிற வரைக்கும் ஆட்கள் வெளியே நின்று கதை பேசுவார்கள்.

“பாத்தீங்களா மாமா, அதுக்கு அறிவு இருக்கு,” என்றார் மருமகன்.

என் மெசினுக்கு நானே அறிவாக இருந்தேன், உள்ளங்கையை வைத்து. அந்தக் கைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, மெசினுக்கு அறிவில்லை என்கிறார்கள். இவர்களுடையது நிற்பது அறிவாம். என்னுடையது நிற்காமல் ஓடியது குற்றமாம்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிறகு மடுவத்து வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன், ஆனால் விடாமல் வாசித்துவிடுவேன். தொழிலாளர் நலம் கருதி இந்தத் தூசி மெசினைக் கம்பனி வழங்கியது என்று இருந்தது. சரி, வழங்கியது. அதற்குக் கீழே, இதற்கு முன் இங்கு தூசி அகற்றும் வசதி எதுவும் இருக்கவில்லை என்று இருந்தது. அந்தப் பலகையைத் தேய்த்துக் கொடுத்தவள் என் மனைவி. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். அவள் தான் தேய்த்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்ப இத்தன வருசமா நான் எந்தக் காத்தக் குடிச்சேனாம்?”

மருமகனிடம் போனேன். “கம்பனி எழுதித் தந்தது மாமா. அதுல நாம கை வைக்க ஏலாது,” என்றார்.

“பொய்தானே அது.”

“உண்மைய எழுதினா பொகையப் பத்தியும் எழுதணும். பரவாயில்லையா உங்களுக்கு?”

“எழுதுங்க,” என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

ஆகவே அவருக்கும் கம்பனிக்கும் இதையே இங்கே சொல்கிறேன். புகை வந்ததை எழுதுங்கள். எதைக் கட்டி மூடியதால் புகை வந்தது என்பதையும் எழுதுங்கள். கம்பனியின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அவர்கள் தந்தது அவர்களுக்கு இருக்கட்டும். எதுவும் இருக்கவில்லை என்ற வரியை மட்டும் சுரண்டி எடுங்கள். அந்த இடத்தில், இந்த மடுவத்தின் முதல் தூசி மெசினைத் தேயிலை ஸ்டோரின் பழைய காற்றாடியில் இந்தத் தோட்டத்துப் பாஸ் செய்தார், அது வேலை செய்தது என்று மூன்று மொழியிலும் எழுதி என் பெயரைப் போடுங்கள். என் பெயர் நீளமில்லை, இடம் போதும். சாக்குத் தைத்தவளின் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். நான் செத்த பிறகு மாலை போட்டுப் பேசுவது எனக்கு வேண்டாம். கண் தெரிகிற காலத்திலேயே, நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில், என் பங்கை எழுதுங்கள்.